மனைவிக்குப் பக்கத்தில் போட்ட லேஞ்சி

மற்றவர்கள் கொள்கைக்காகப் போராட்டத்தில் இறங்குகிறார்கள். நான் இறங்கியது இன்னொரு ஆளின் தலைமயிரைப் பார்த்து.

அந்தத் தலைமயிர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தது. நாற்பதைத் தாண்டிய மனிதனுக்கு நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் இடைவெளி விடாமல், கறுகறுவென்று, எண்ணெய் வைக்காமலே மினுங்கிக்கொண்டிருக்கும். ஊரில் எஞ்சினியராக இருந்தவர். இங்கே கனடாவில், விட்பி ஊர் ஆலை ஒன்றில், எங்களோடு நின்று, உறைய வைத்த போஞ்சிக்காய் பொதி செய்துகொண்டிருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் நாங்கள் மதுரைக்காரர் என்றே சொல்லுவோம்.

அவர் என் மனைவியை 'மேடம்' என்று கூப்பிடுவார். என்னை 'அங்கிள்' என்று கூப்பிடுவார்.

என் மனைவி என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள். கலியாணப் பேச்சின்போது இரண்டு வீட்டாரும் ஒற்றுமையாகச் சேர்ந்து மறைத்த ஒரே விஷயம் அதுதான். அப்படியிருக்க அவள் மேடமாம், நான் அங்கிளாம். மேடம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் முதுகு நிமிரும். பெல்ட்டில் ஓடுகிற போஞ்சியில் பழுதானதைப் பொறுக்குகிற கைகூட ஒரு மாதிரி நளினமாக அசையும். நான் அவளை வாழ்நாள் முழுவதும் 'இஞ்சேரும்' என்று கூப்பிட்டுவந்தவன். அதற்கு அவள் கழுத்தைக்கூடத் திருப்புவதில்லை.

நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். விடிய முந்திச் சுரங்கரயில் நிலையத்துக்குப் போனால், அங்கேயிருந்து ஆலைக்குக் கொண்டுபோகக் கம்பனியின் பஸ்கள் இரண்டு நிற்கும். இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்துக்கு வெளிக்கிட்டு ஒரே வாசலில் போய் நிற்கும். ஒன்று நீலக் கோச். மெத்தைச் சீற், ஹீற்றர், சரிந்து படுக்கலாம். பாதிச் சீற் காலியாகவே போகும். மற்றது பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற மஞ்சள் பஸ். சின்னப் பிள்ளைகளின் முழங்காலுக்கு அளவெடுத்துச் செய்த சீற்றில் நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்போம். என் முழங்கால் என் நாடியைத் தொடும். ஹீற்றர் டிரைவரின் கால்மாட்டுக்கு மட்டும் வேலை செய்யும். குளிர்காலத்தில் கண்ணாடிக்கு உள்பக்கமும் உறைபனி பிடித்திருக்கும்.

கோச் பெர்மனன்ட் ஆட்களுக்கு, மஞ்சள் பஸ் ஏஜென்சி அனுப்புகிற தற்காலிக ஆட்களுக்கு. அப்படித்தான் சொன்னார்கள். பெர்மனன்ட் ஆட்களெல்லாம் வெள்ளைக்காரராகவும், ஏஜென்சி ஆட்களெல்லாம் எங்களைப் போலவும் ஜமெய்க்காக்காரர் பிலிப்பீன்காரரைப் போலவும் இருந்தது தற்செயல். நானும் அதை நம்பினேன். நம்பினால் காலையில் யோசிக்க வேண்டியது ஒன்று குறையும்.

கோச்சின் வாசலில் செம்மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் நிற்பாள். கம்பனி ஆள். பொல்லாதவள் என்று சொல்ல முடியாது. யாராவது இருமினால் இனிப்பு எடுத்துக் கொடுப்பாள். எங்களில் ஒருவர் தெரியாமல் கோச் பக்கம் ஒதுங்கினால், "ஏஜென்சி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். கேட்கும்போதே கை மஞ்சள் பஸ்ஸைக் காட்டிவிடும். பதிலுக்குக் காத்திருக்கிற வழக்கம் அந்தக் கைக்கு இல்லை.

என் மனைவிக்குப் பக்கத்தில் நின்று போஞ்சி பொறுக்குகிறவர் ஒரு ஜமெய்க்காப் பெண். வயதானவர், முழங்கால் வருத்தம் உள்ளவர். மனைவி அவரை அக்கா என்று கூப்பிடுவாள், அவர் மனைவியைத் தங்கச்சி என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அதை வைத்தே இரண்டு பேரும் நாள் முழுக்கக் கதைப்பார்கள்.

தை மாதத்தில் ஒரு காலை, மூக்குக்குள் மயிர்கூட உறைகிற குளிர். அக்காவால் மஞ்சள் பஸ்ஸின் உயரப் படியில் கால் வைக்க முடியவில்லை. கோச்சின் வாசலுக்குப் போய், இன்றைக்கு மட்டும் இதில் வரட்டுமா என்று கேட்டார். செம்மஞ்சள் ஜாக்கெட், "ஏஜென்சி?" என்றது. கை காட்டியது. மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னது. அக்கா திரும்பி நொண்டிக்கொண்டு வந்தார்.

அவருக்குப் பின்னால் ஒரு பொன்னிற முடிப் பெண் வந்தாள். கல்லூரிப் பிள்ளை போல இருந்தாள். வேலைக்கு முதல் நாள். எந்த பஸ் என்று தெரியாமல் முழித்தாள். செம்மஞ்சள் ஜாக்கெட் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. காலை வணக்கம் சொல்லி, கோச்சுக்குள் ஏற்றிவிட்டது.

ஆலையில் போய் இறங்கினால், அந்தப் பிள்ளை எங்கள் வரிசையில், எங்கள் ஏஜென்சியின் அட்டை வாங்க நிற்கிறாள்.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் மனைவி சோற்றைக் குழைத்தபடி இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"அந்தப் பிள்ளையும் ஏஜென்சிதானே?" என்றாள்.

"புதுசுதானே, பாவம், ஏமாந்துபோய் ஏறியிருக்கும்," என்றேன் நான், வழக்கம் போலப் பகிடியாக.

"ஏமாந்தது அவவில்லை. நாங்கள்."

நான் அடுத்த பகிடியைத் தேடிக்கொண்டிருக்க, எதிர்ப்பக்கத்திலிருந்து தலைமயிர் பேசியது.

"மேடம் சொன்னாங்க பாருங்க, அதான் பாயிண்ட்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அதைச் சொன்னது எனக்கு. என்னுடைய பகிடிக்குப் பதிலாகச் சொன்னது. இடையில் இவர் யார், எடுத்து ஏந்திக்கொள்ள?

மதுரைக்காரர் அங்கேயே ஒரு திட்டம் போட்டார். திங்கட்கிழமை எல்லோரும் கோச்சில் ஏறுவது. காலியாக இருக்கிற சீற்றில் மட்டும் இருப்பது. வழக்கமாக வருகிறவர்களின் இடத்தை எடுப்பதில்லை. சத்தம் போடுவதில்லை. இறங்கச் சொன்னால், நாங்களும் இதே இடத்துக்கு இதே வேலைக்குத்தான் போகிறோம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது.

"பொலிஸ் வந்தால்?" என்றேன்.

"உக்காந்திருப்போம் அங்கிள்."

"தூக்கினால்?"

"தூக்கட்டும். நாம கை ஓங்கக் கூடாது, அவ்வளவுதான்."

"என்னைத் தூக்குறது லேசில்லை தம்பி. ரெண்டு பொலிசுக்கு இடுப்புப் பிடிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை.

"அப்ப சரி, அங்கிள் ஒருத்தரே போதும். நாமெல்லாம் வீட்ல படுத்துத் தூங்கலாம்," என்றார் மதுரைக்காரர்.

அதற்கு என் மனைவி சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வர, மேசையில் தட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. என் இடுப்பை வைத்து, என் பொலிசை வைத்து, அந்த ஆள் சிரிப்பை அள்ளிக்கொண்டு போகிறார்.

அதோடு விட்டாரா? "மேடம் முன்னாடி சீட்ல இருக்கட்டும். பாத்ததும் ஒரு மரியாதை வரும். பக்கத்துல நான் இருக்கேன்," என்றார்.

பக்கத்தில் நான் இருக்கிறேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் அக்கினி சாட்சியாக, ஐயரை வைத்து, ஊரைக் கூட்டிச் சொன்ன வசனம் அது.

வீட்டுக்கு வந்ததும் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"இஞ்சேரும், உண்மையாவே ஏறப் போறீரோ?"

"ஓம்."

"வேலையாலை நிப்பாட்டினால்?"

"நிப்பாட்டட்டும். போஞ்சி பொறுக்க வேறை இடமில்லையோ?"

"உந்த மதுரைக்காரர் தனிக்கட்டை. உவருக்கென்ன, சொல்லிப்போட்டுப் போயிடுவார்."

"உங்களுக்குப் பயமெண்டால் நீங்கள் மஞ்சள் பஸ்ஸிலை வாங்கோ. பரவாயில்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கரிசனையோடு சொன்னாள், ஆறிப்போன தேத்தண்ணியைப் பரவாயில்லை என்று சொல்லிக் குடிக்கிறவர்களைப் போல.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் மனத்திரையில் ஒரே படம்தான் ஓடியது. முன்னால் நீலக் கோச் போகிறது. பின்னால் மஞ்சள் பஸ்ஸில் நான் தனியே, முழங்கால் நாடியில். கோச்சின் பின்கண்ணாடியில் இரண்டு தலைகள் தெரிகின்றன. ஒன்று என் மனைவியுடையது. மற்றதில் அடர்த்தியான மயிர். இரண்டும் சேர்ந்து ஆடிச் சிரிக்கின்றன. பொலிஸ், வேலை, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் இந்த ஒரு படம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஞாயிறு மாலை நான் முடிவெடுத்தேன். என் மனைவிக்குப் பக்கத்துச் சீற் என்னுடையது. அதற்காகச் சிறைக்குப் போவதென்றாலும் போவது. முடிந்தால் போகாமல் விடுவது.

ஆயுதமும் தயாராக இருந்தது. இலங்கையில் எங்கள் ஊர் பஸ்களில் சீற் பிடிக்கிற முறை எல்லோருக்கும் தெரியும். பஸ் வந்து நிற்க முந்தியே ஜன்னலால் லேஞ்சியை, கைக்குட்டையை, எறிந்துவிடுவது. லேஞ்சி விழுந்த சீற் உங்களுடையது. நெரிசலில் மிதிபட்டுத் தொங்குகிறவன்கூட அதைத் தொடமாட்டான். கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலும் இந்தச் சட்டம் செல்லுபடியாகும் என்று எனக்குத் தெரியும். கர்சீப் என்றோ துண்டு என்றோ சொல்லுவார்கள், ஆனால் மதிப்பார்கள். எஞ்சினியரும் மதித்துத்தானாக வேண்டும்.

திங்கட்கிழமை மனைவி, ஜமெய்க்கா அக்காவின் கட்டடத்துக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. நான் முன்னுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். நான் கொள்கை வீரனைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

கோச்சின் கதவு திறந்திருந்தது. டிரைவர் கோப்பி வாங்கப் போயிருந்தார். செம்மஞ்சள் ஜாக்கெட் இன்னும் வரவில்லை. ஏறினேன். முகத்தில் சூடு பட்டது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. முன்சீற்றில் ஜன்னல் பக்கம் என் சாப்பாட்டுப் பையை மனைவிக்காக வைத்தேன். அதற்குப் பக்கத்தில் என் நீலக் கட்டம் போட்ட லேஞ்சியை விரித்தேன். நான்கு மூலையையும் இழுத்துவிட்டேன்.

வேலை முடிந்தது. அதிலேயே இருந்திருக்கலாம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு செம்மஞ்சள் நிறம் அசைந்து வந்தது. என் வயிறு கொள்கையை விட்டு விலகியது. பஸ்ஸால் குதித்து, நிலையத்துக்குள் ஓடி, கழிப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

உள்ளே இருந்தபடி ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தேன். நாங்களும் இதே இடத்துக்குத்தான் போகிறோம். சொல்லச் சொல்ல அது மன்னிப்புக் கேட்பது போல வந்தது. பக்கத்து அறையில் இருந்தவர் எனக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்.

அப்போது தொலைபேசி அடித்தது. மனைவி.

"எங்கை நிக்கிறியள்?"

"பாத்ரூமிலை. பொலிஸ் வந்திட்டுதோ?"

"ஒருத்தரும் வரேல்லை. கெதியா வாங்கோ. பஸ் உங்களுக்காண்டித்தான் நிக்குது."

"எனக்காண்டியோ? ஏன்?"

"லேஞ்சி கிடக்கெல்லே!"

நடந்ததை நான் பிறகு பலர் வாயிலிருந்து கேட்டேன். எல்லோரும் ஏறிக் காலியான சீற்றுகளில் இருந்தார்களாம். ஒரு சத்தமில்லை. மதுரைக்காரர் முன்சீற்றுக்கு வந்து லேஞ்சியைப் பார்த்து நின்றாராம்.

"யாரோடது மேடம்?"

"என்ரை மனிசன்ரை. இப்ப வருவார்."

சட்டம் வேலை செய்தது. அவர் பின்சீற்றுக்குப் போய்விட்டார். இந்த இடத்தை மட்டும் நான் இரண்டு மூன்று பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

செம்மஞ்சள் ஜாக்கெட் வந்து, இது பெர்மனன்ட் பஸ், தயவு செய்து இறங்குங்கள் என்றதாம். நாங்களும் இதே இடத்துக்குத்தான் என்று மெதுவாகப் பதில் வந்ததாம். ஒருவரும் எழும்பவில்லை. வழக்கமாக வருகிற வெள்ளைக்காரர் தங்கள் சீற்றில் இருந்தபடி கைபேசியைப் பார்த்தார்களாம். ஒருவர் மட்டும், சூடு எல்லோருக்கும் போதும்தானே என்றாராம். ஜாக்கெட் வெளியே போய் யாரோ பெரியவருடன் தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்தது. ஆலையில் பெல்ட் ஓட வேண்டும். ஏறியவர்கள் இன்றைக்கு மட்டும் வரலாம், இனி ஒருவரும் ஏறக்கூடாது, கதவைப் பூட்டப்போகிறோம் என்றது.

"இன்னும் ஒராள் வரவேணும்," என்றாளாம் மனைவி.

அவர் மற்ற பஸ்ஸில் வரட்டும், இங்கே அவருக்குச் சீற் இல்லையே என்றது ஜாக்கெட். மனைவி லேஞ்சியைக் காட்டினாள். இது என்ன, ஒரு துணிதானே என்று ஜாக்கெட் கேட்க, பின்னாலிருந்து ஜமெய்க்கா அக்கா, அது துணியில்லை, அவளுடைய புருசன் என்றாராம். பஸ் முழுக்கச் சிரிப்பு.

இந்த இடத்தில்தான் மதுரைக்காரர் எட்டிப் பார்த்து மெதுவாகச் சொன்னாராம். "மேடம், இன்னிக்கு இதுவே பெரிய விஷயம். அங்கிள் ஒருத்தர்தானே, மஞ்சள் பஸ்ல வரட்டுமே."

மனைவி திரும்பிப் பார்த்தாளாம். "அவரை அதிலை விட்டிட்டுப் போறதெண்டால், நாங்கள் ஏன் இதிலை ஏறினனாங்கள்?"

கையை லேஞ்சியின்மேல் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். கோச் நகரவில்லை. எல்லோரும் ஒரு கழிப்பறைக் கதவு திறப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

நான் ஓடி வந்தபோது இரண்டு பஸ்களும் நின்றன. மஞ்சள் பஸ்ஸின் டிரைவர் ஆளில்லாத பஸ்ஸுக்குள் தனியே இருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கோச்சின் எல்லாக் கண்ணாடிகளிலும் முகங்கள். வாசலில் செம்மஞ்சள் ஜாக்கெட். சிரிப்பு இருந்தது, கொஞ்சம் களைத்துப்போயிருந்தது.

"ஏஜென்சி?"

ஒத்திகை பார்த்த ஆங்கிலம் முழுவதும் கழிப்பறையிலேயே தங்கிவிட்டது. என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே எழும்பின, துப்பாக்கியைக் கண்டவனைப் போல. "ஓம்," என்றேன், தமிழில்.

கை வழக்கம் போல மஞ்சள் பஸ்ஸைக் காட்ட உயர்ந்தது. அப்போது உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. அந்தப் பொன்னிற முடிப் பிள்ளை, நடுச்சீற்றிலிருந்து.

"நானும் ஏஜென்சிதான். என்னிடம் நீங்கள் கேட்கவே இல்லை."

செம்மஞ்சள் ஜாக்கெட் அவளைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. கன்னம் சிவந்தது, குளிர் காரணமாக இருக்கலாம். உயர்ந்த கை எங்கே போவதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றுவிட்டு, பையிலிருந்து ஒரு இனிப்பை எடுத்தது. என்னிடம் கொடுத்தது. ஒதுங்கி வழிவிட்டது.

நான் இனிப்போடு ஏறினேன். உயர்த்திய கைகளில் ஒன்றை இறக்க மறந்துவிட்டேன். பார்த்தவர்கள் அதை வெற்றிச் சின்னம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"லேஞ்சியை எடுத்துப்போட்டு இருங்கோ," என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல். இருந்தேன். பஸ் நகர்ந்தது. அவள் என் கையைப் பிடித்தாள். உடனே முகத்தைச் சுளித்தாள்.

"என்ன ஈரம்?"

"கழுவினனான்."

விட்பி வரைக்கும் அவள் கையை விடவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாகப் பின்சீற்றுத் தலைமயிரை நான் இரக்கத்தோடு நினைத்தேன்.

அந்தக் கிழமை முழுவதும் அப்படியே ஏறினோம். மஞ்சள் பஸ் எங்களுக்குப் பின்னால் வெறுமையாக வந்தது. மதுரைக்காரரையும் என்னையும் குளிர் அறைக்கு மாற்றினார்கள். தண்டனை என்று ஒருவரும் சொல்லவில்லை, அதுவும் தற்செயல். பிறகு ஒரு நாள் மஞ்சள் பஸ் வரவில்லை. அதன் இடத்தில் இன்னொரு கோச் நின்றது. வாசலில் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஜாக்கெட் இரண்டு கோச்சுக்கும் நடுவில் நின்று, எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னது.

கதை ஊருக்குள் பரவியது. கோயிலில், மார்க்கம் நகரில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில், எங்கே போனாலும் மனைவியைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அவள் நன்றாகச் சொன்னாள். அளவாகச் சொன்னாள். மதுரைக்காரரின் திட்டம் என்று ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொன்னாள்.

"அப்ப அண்ணை எங்கை நிண்டவர்?" என்று யாராவது கேட்பார்கள்.

அவள் ஒரு கணம் பொறுப்பாள். பலகாரத் தட்டைக் கீழே வைப்பாள்.

"பாத்ரூமிலை."

மண்டபமே அதிரும். நான் எத்தனையோ வருடமாகப் பகிடி விட்டு வாங்கிய சிரிப்பெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒற்றைச் சொல்லுக்குக் கிட்ட வராது. அந்த ஒரு கணம் பொறுக்கிறதை அவள் எங்கே பழகினாள்? எனக்குத் தலைமயிர்க்காரர்மேல் இருந்த எரிச்சல் போதாதென்று, சொந்த மனைவிமேலும் எரிச்சல் வந்து சேர்ந்தது.

எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற உரிமையை நாங்கள் வென்றோம். என் மனைவி அதை உடனேயே பயன்படுத்தத் தொடங்கினாள். இப்போது அவள் ஜமெய்க்கா அக்காவுடன் பின்சீற்றில் இருக்கிறாள். வாழைக்காய்ப் பொரியலைப் பங்குபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, அக்கா தங்கச்சி என்று கதைத்துக்கொண்டு, விட்பி வரைக்கும். இன்றைக்கும் நான் முன்சீற்றில் லேஞ்சியை விரித்து வைத்துப் பார்த்தேன். அவள் அதைக் கடந்து போனாள்.

"உதிலை ஒராள் இருக்கிறாரோ?" என்று போகிற போக்கில் கேட்டுவிட்டு.

பின்னால் வந்த மதுரைக்காரர் லேஞ்சியை எடுத்தார். நான்காக மடித்தார்.

"அங்கிள், உங்க கர்சீப்," என்று என் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். சட்டமும் இல்லை, மரியாதையும் இல்லை. நெடுஞ்சாலை ஏற முந்தியே நித்திரையாகி, தலை என் தோளில் சரிந்துவிட்டது. அந்தத் தலைமயிர் முழுவதும் என் மூக்குக்கு நேரே.

விலக்கிவிடலாம் என்று குனிந்தேன். விடியல் வெளிச்சம் கண்ணாடியால் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். வகிட்டின் ஓரமாக, அடிவேரில், மெல்லிய வெள்ளைக் கோடு. சாயம்! அவ்வளவும் சாயம்!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இதை ஒரே ஒரு ஆளுக்குச் சொல்ல வேண்டும், இந்த நிமிடமே சொல்ல வேண்டும். தோளை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்பி, பின்சீற் வரைக்கும் கேட்கக் கூப்பிட்டேன்.

"இஞ்சேரும்!"

அவள் வாயில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதேங்கோ. பாவம், அந்த மனிசன் நித்திரை கொள்ளட்டும்."